டிரைவர் வீட்டுக்குப் போன நாட்கள்

பதினோரு வருஷம் ஒரே பஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். திண்டுக்கல்லில் கிளம்பி சின்னாளப்பட்டி, செம்பட்டி வழியாக ஆத்தூர் போய்த் திரும்புகிற தனியார் வண்டி. ஒரு நாள் வேலை, மறுநாள் ஓய்வு. வேலை நாளில் என் வீட்டாரைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்திருப்பேன், அதுவும் உள் கண்ணாடி வழியாக.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். மேட்டுப்பட்டிக்காரர், கிறிஸ்தவக் குடும்பம். கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் வாத்தியார் வேலை பார்க்க, இவர் மட்டும் பத்தாவதோடு நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கிளட்சை விட்டு வண்டியை எடுத்தால், நிற்கிற பாட்டிக்குக்கூடக் குலுங்காது. ஆத்தூரிலிருந்து பூ மூட்டையோடு வருகிறவர்கள் முன்னால் போகிற வண்டியை விட்டுவிட்டு எங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, ஆத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தூறல். செம்பட்டிக்கு முந்தின ஒரு நிறுத்தத்தில் இரண்டு பேரை இறக்கினோம். அங்கே யாரோ வீடு கட்டுவதற்காக ரோட்டோரம் மணல் கொட்டியிருந்தார்கள். மழைத் தண்ணீர் அதைத் தார் வரைக்கும் இழுத்துவந்து பரப்பியிருந்தது. நான் பின்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. இரண்டு விசில் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். ஸ்கூட்டரில், எங்களுக்கு இடது பக்கமாக, பஸ்ஸுக்கும் மணலுக்கும் நடுவில் இருந்த சந்தில். என்னைக் கடந்துபோனபோது அவள் துப்பட்டா நனைந்து தோளில் ஒட்டியிருந்தது வரை பார்த்தேன். நான் கத்தினேன், விசிலை ஊதினேன். ஸ்கூட்டர் மணலில் வழுக்கியது. வண்டி ஒரு தடவை லேசாக ஏறி இறங்கியது. அவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்.

முதலில் இறங்கி ஓடியது நான். அவளுக்கு நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்று அந்த நேரத்திலும் ஏதோ ஒரு புத்தி சொன்னது. பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழெட்டு நிமிஷம் இருக்கும். ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. கல்யாணம் பேசி முடித்த பெண் என்று பிறகு சொன்னார்கள்.

அவர் கீழே இறங்கி முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். கூட்டத்தில் யாரோ ஒருவன் அவர் கன்னத்தில் அறைந்தான். அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. எங்கள் வண்டியில் வந்த பூக்காரப் பெண்கள் நாலு பேர் அவரைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது.

இரண்டாம் நாள் ஜாமீனில் வந்தார். நான் மேட்டுப்பட்டிக்குப் போனேன். என் வீடு இருக்கிற சின்னாளப்பட்டியிலிருந்து டி.வி.எஸ்ஸில் அரைமணி நேரம். அன்று தொடங்கி ஓய்வு நாள் ஒன்று விடாமல் போனேன்.

போய் என்ன செய்தேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பேசினேன். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கிற வரை பேசினேன். உங்கள் மேல் தப்பே இல்லை என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னேன். மணல் கொட்டியவனைத் திட்டினேன். இடது பக்கமாக யாராவது வருவார்களா என்று அந்தப் பெண்ணையும் குறை சொன்னேன், செத்துப்போனவளை. விதி என்றேன். ஷெட்டில் நடக்கிற வேடிக்கைகளைச் சொல்லிச் சிரித்துக் காட்டினேன். அவர் சுவரில் சாய்ந்து, கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு, ம் என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டிலிருந்து மூன்று டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் தேறுவார் என்று எனக்கு எண்ணம். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் சர்வீஸில் பார்த்த விபத்துகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சொன்னதற்கு மேலாக அடுத்தவர் சொன்னார். எங்கே, எப்படி, எத்தனை பேர் என்றெல்லாம். அவர் எழுந்து பின்பக்கம் போனார். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. அப்போதும் ஒருவர், பித்தமாக இருக்கும், எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுங்கள் என்றார்.

நான் முதல் நாளே ஒரு பொய்யும் சொல்லியிருந்தேன். அந்தப் பிள்ளை ஏதாவது சொன்னதா என்று அவர் கேட்டார். ஒன்றுமே பேசவில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை. நல்லதுதான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் நான் கிளம்பும்போது மதினி வாசல் கேட் வரைக்கும் வந்தார். அவர் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். தெரு ஆட்கள் காதில் விழாதபடி சொன்னார்.

"தம்பி, சொல்றேன்னு தப்பா நெனச்சுக்கிறாதீங்க. நீங்க வந்துட்டுப் போற அன்னைக்கு அவரு சோறு திங்க மாட்டேங்கறாரு. மத்த நாள்ல ரெண்டு வாயாச்சும் வைக்கிறாரு."

நான் சரி மதினி என்றேன்.  அரைமணி நேர வழியில் வண்டியை எங்கே திருப்பினேன், எங்கே நிறுத்தினேன் என்று நினைவில்லை. இவ்வளவு தூரம் அலைந்து, ஓய்வு நாளையெல்லாம் கொடுத்து, கடைசியில் அவர் சோற்றைக் கெடுத்திருக்கிறேன். கோபம்தான் வந்தது. இனிமேல் போவதில்லை என்று முடிவுசெய்தேன்.

என் நிலைமையும் அப்போது நன்றாக இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு பின்படியில் என்னால் நிற்க முடியவில்லை. முன்படிக்கு வந்துவிட்டேன். பின்னால் இறங்குகிறவர்கள் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டோம் என்று சத்தம் போடுவார்கள். இரண்டு விசில் கொடுப்பதற்கு முன் மூன்று தடவை, நாலு தடவை எட்டிப் பார்ப்பேன். புது டிரைவர் இளவட்டம். என்னண்ணே, குனிஞ்சு குனிஞ்சு கோலம் போடுறீங்களா என்று கேட்டான். ஒரு நாள் சில்லறைக்காக ஒரு காலேஜ் பிள்ளையிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். அவள் அழுதுகொண்டே இறங்கிப்போனாள். அவளும் துப்பட்டா போட்டிருந்தாள்.

மறுநாள் எனக்கு ஓய்வு. என் மனைவி அடுப்படி வாசலில் உட்கார்ந்து மதிய வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னைக்கு அங்க என்னதான் பாத்தீங்க?"

நான் ஒன்றும் இல்லை என்றேன். அவள் காயை நறுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, துப்பட்டா ஒட்டியிருந்ததைச் சொன்னேன். அவள் "ம், அப்புறம்?" என்றாள். விசிலைச் சொன்னேன். அப்புறம் என்றாள். ரெண்டு விசில் கொடுத்தவன் நான்தானே, இன்னும் ஒரு நிமிஷம் கழித்துக் கொடுத்திருந்தால் என்று சொல்ல ஆரம்பித்து என்னால் முடிக்க முடியவில்லை. அழுதேன். அவள் எழுந்துவந்து கண்ணைத் துடைக்கவில்லை. அப்படி இல்லைங்க என்று மறுக்கவும் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, "இம்புட்டையும் வச்சுக்கிட்டா வேலைக்குப் போனீங்க" என்று மட்டும் கேட்டாள். பிறகு சோறு போட்டாள். நன்றாகச் சாப்பிட்டேன். அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

இதிலிருந்து உடனே எதையும் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று நாள் அவள் கேட்ட அந்த "அப்புறம்" காதில் இருந்துகொண்டே இருந்தது. டிரைவர் அண்ணனிடம் நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. அவர் வாயைத் திறக்கிறதற்கு நான் இடமே விட்டதில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி மேட்டுப்பட்டிக்குப் போனேன். அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொட்டிக்குள் பாதி உடம்பு. நானும் சட்டையைக் கழற்றிவிட்டு வாளியைப் பிடித்தேன். அவர் உள்ளேயிருந்து பாசியும் சேறுமாக அள்ளித் தருவார், நான் வாங்கி ஊற்றுவேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்படிச் சும்மா இருப்பது எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. வாய் வரைக்கும் ஏதேதோ வந்தது, விழுங்கினேன்.

தொட்டி நிழலில் உட்கார்ந்ததும் அவராகவே கேட்டார்.

"ஏலே, அந்தப் புள்ள என்னலே சொல்லுச்சு?"

"அண்ணே..."

"நீ குனிஞ்சு பேசிக்கிட்டு இருந்தத நான் பாத்தேன். உன் தலை ஆடுச்சு. அம்புட்டு நேரம் ஒண்ணும் பேசாத ஆளுகிட்டயா பேசுன?"

அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தபடியே ஒன்றரை மாதம் என் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தப்பு உங்கள் மேல் இல்லை என்று நான் சொன்ன எதை அவர் நம்பியிருப்பார்?

சொன்னேன். அவள் முதலில் என் ஸ்கூட்டர் எங்கே என்று கேட்டாள். பிறகு போனை எடுக்கச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க, அப்பாவுக்குப் போடுங்க" என்றாள். நான் அவள் போனிலிருந்தே அவள் அப்பாவுக்குப் போட்டேன். தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "என் சீட்டுக்குப் பக்கத்துல பாட்டில்ல தண்ணி இருந்துச்சு."

விசில் கொடுத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன். அது அவருக்குப் புதிதில்லை. "நீ விசிலடிச்ச, நான் எடுத்தேன். கண்ணாடியில தூறல் அடிச்சிருந்துச்சு, தொடைச்சிட்டு எடுத்திருக்கணும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, "இத்தன நாளா ஏம்லே மறச்ச, எந்திரிச்சுப் போ" என்றார். போனேன். படியில் இறங்கும்போது அவர் அழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் போகவா வேண்டாமா என்று தெரியாமல் நடுப்படியில் நின்றேன். மதினி கீழேயிருந்து, நான் பார்த்துக்கிறேன் என்று கையைக் காட்டினார்.

எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தது. வாரியா என்று கேட்டார்.

போனேன். மறுபடி அதையே கேட்டார். ஸ்கூட்டரிலிருந்து தொடங்கி ஆம்புலன்ஸ் வரைக்கும் சொன்னேன். அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும் அதே. எந்தக் கை பிடித்தாள், வலது கையா இடது கையா. தண்ணீர் எத்தனை தடவை கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சின்னச் சங்கதி புதிதாகக் கேட்பார், மீதி எல்லாம் பழசு. நாலைந்து மாதம் இப்படி. அவர் முகம் கொஞ்சம் தெளிந்துகொண்டே வந்தது. சாப்பிடுகிறார் என்று மதினி சொன்னார். நான்தான் தேய்ந்துகொண்டே வந்தேன். செம்பட்டி பக்கம் வண்டி திரும்பினாலே உடம்பு கனக்கும். அவர் நம்பர் போனில் வந்தால் எடுப்பதற்கு முன் ஒரு பெருமூச்சு விடுவேன். அவரைத் தேற்றுகிறேன் என்கிற நிறைவெல்லாம் எனக்கு வரவில்லை. அலுப்புதான் வந்தது, அந்த அலுப்பு வருகிறதே என்று வெட்கமும் வந்தது.

மதினி இதற்கிடையில் அவரை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. அந்த டாக்டர் சின்னப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. யாரிடம் பேசுகிறீர்கள் என்று கேட்டதற்கு இவர் கண்டக்டரிடம் என்று சொல்லியிருக்கிறார். கண்டக்டரையும் ஒரு தடவை கூட்டிவாருங்கள் என்றாராம். நான் அவருக்குத் துணைக்கு வந்தவனாக நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் என்னைப் பார்த்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நல்லா இருக்கேன் மேடம் என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை, காத்திருந்தார். கடைசியில், பின்படியில நிக்க முடியல மேடம் என்றேன். பக்கத்தில் இருந்த அண்ணன் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவருக்கு அது தெரியாது.

அந்த டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சொன்னது ஒன்றுதான். பேச முடியாத நாளில் முடியவில்லை என்று சொல்லிவிடுங்கள், பேசக் கூப்பிட்டவரும் அதற்குக் கோபப்பட வேண்டாம். கேட்பதற்குச் சுலபமாக இருந்தது. நான் அதைச் சொல்ல இன்னும் ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் அவர் போன் செய்தபோது, "இன்னைக்கு முடியலண்ணே" என்றேன்.  அவர், "சரிப்பா, படு" என்றார். அவ்வளவுதான். உலகம் இடிந்து விழவில்லை.

வழக்குக்காக ஒரு நாள் கோர்ட்டுக்குப் போயிருந்தேன், சாட்சியாக. அன்று அண்ணனை உள்ளே கூப்பிட்டிருந்தார்கள். வராந்தாவில் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டி, கசங்கிய வெள்ளைச் சட்டை. கைவிரல் நுனியெல்லாம் பூப் பறித்துப் பறித்துக் கறை ஏறியிருந்தது. அந்தப் பெண்ணின் அப்பா. போனில் நான் கேட்ட அந்தக் குரலை அவர் வாயைத் திறந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. நீங்கள்தானே கடைசியாகக் கூட இருந்தது என்று கேட்டார். ஆமாம் என்றேன். என்ன சொன்னது என்றார்.

அண்ணனிடம் நூறு தடவை சொல்லிப் பழகியிருந்தேனோ என்னவோ, கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடிந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அப்பாவுக்குப் போடுங்கள் என்றதைச் சொன்னபோது அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வக்கீல்களும் போலீஸ்காரர்களும் எங்கள் காலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வலிச்சுச்சாப்பா அதுக்கு?"

இல்லை என்று சொல்ல நாக்கு புரண்டது.

"வலிச்சுச்சுங்கய்யா. செத்த நேரம்தான். அப்புறம் கண்ணச் சொருகிருச்சு."

அவர் தலையை ஆட்டினார்.  துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, உள்ளே இருந்த அண்ணனை நோக்கித் தலையைக் காட்டினார். "அவருகிட்ட சொல்லிருங்க. எனக்கு அவரு மேல ஒண்ணும் இல்ல. ஆனா நேர்ல வந்து நிக்க வேண்டாம். பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

அன்று மத்தியானமே கோர்ட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் அண்ணனிடம் அதைச் சொன்னேன். மறுபடி சொல்லு என்றார். மறுபடி சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்தபடியே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். டீ ஆறிப்போனது. அதற்குப் பிறகு அந்தக் காலை நேரத்தைப் பற்றி அவர் என்னிடம் கேட்பது குறைந்தது. ஒரேயடியாக நிற்கவில்லை. இப்போதும் எப்போதாவது கேட்பார்.

வழக்கில் விடுதலை ஆனார். முதலாளி வந்து வண்டியை எடுக்கச் சொன்னார். அண்ணன் ஷெட்டுக்கு வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார், சாவியைப் போட்டார், பிறகு எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இப்போது மச்சினன் தேங்காய் சேர்த்து வைக்கிற கிட்டங்கிக்கு வரும் லாரிகளுக்கு லோடு பார்க்கிறார். சைக்கிளில் போய்வருகிறார். நான் இன்னும் அதே ரூட்டில்தான். பின்படியில் நிற்கிறேன், ஆனால் பழைய மாதிரி கம்பியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வெளியே தொங்க முடியாது. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன்.

போன மாதம் எங்கள் ஷெட்டில் இன்னொரு டிரைவருக்கு விபத்து. அந்த இளவட்டம்தான், என்னைக் கோலம் போடுறீங்களா என்று கேட்டவன், வேறு வண்டிக்கு மாறியிருந்தான். லாரியோடு உரசி, அவன் வண்டியில் வந்த பெரியவர் ஒருவர் இறந்துவிட்டார். முதலாளி எனக்குத்தான் போன் செய்தார். நீ போனா நல்லா இருக்கும், உனக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். நான் போகணும்ண்ணே, ஆனா காலு எந்திரிக்க மாட்டேங்குது என்றேன்.

"நீ வர வேண்டாம்ப்பா. நான் போறேன்" என்றார்.

அவன் வீடு கரூர் ரோட்டுப் பக்கம். காலை பத்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் என்று மதினி சொன்னார். நான் பாயை விரித்துப் படுத்தேன். பகலில் தூங்கி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. எழுந்தபோது மூன்று மணி, போனில் அவருடைய இரண்டு அழைப்புகள் இருந்தன. திருப்பிப் போட்டேன்.

பையன் ஒன்றும் பேசவில்லையாம். இவரும் பேசவில்லையாம். அவன் அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துத் தட்டு வைத்திருக்கிறார், இவர் சாப்பிட ஆரம்பித்ததும் அவனும் கையை நனைத்திருக்கிறான். நாளைக்கும் போவேன் என்றார். சரிண்ணே என்றேன். பசிக்கிறது, நான் இன்னும் சாப்பிடவில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன்.